சிங்கப்பூரோடு கோலாலம்பூரையும் சேர்க்கலாமா? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூர்தான். டிக்கெட் பார்க்க உட்கார்ந்த பத்து நிமிடத்தில் வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே மலேசியாவையும் பாத்துட்டு வந்துரலாமே." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வரைபடத்தில் இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, விமானத்தில் ஒரு மணி நேரம், டிக்கெட்டும் மலிவு.

அம்மா, இரண்டு பிள்ளைகள், அவர்களின் பெட்டிகள் என்று ஒரு படையோடு இதைச் செய்து அல்லாடிய பிறகு எழுதுகிறேன். டிக்கெட் விலையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது ஊருக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை ஒரு முழு நாள். அந்த நாள் உங்கள் கையில் உபரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். முதல் இரண்டு படியிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

1. முழு நாட்களை எண்ணுங்கள்

"ஆறு நாள், ஐந்து இரவு" என்பார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம். காலையில் எழுந்து, சாப்பிட்டு, இரவு தூங்கும்வரை ஒரே ஊரில் இருக்கும் நாள் மட்டுமே முழு நாள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு விமானங்கள் நிறைய. இரவு பதினொரு மணிவாக்கில் கிளம்பினால் அங்கே விடியும் நேரத்தில் இறங்குவீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஆறு என்றால் உடம்புக்கு அது மூன்றரை மணி. ஹோட்டலில் அறை பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். தூங்காத பிள்ளைகளோடு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்கும் அந்த நாளை முழு நாளாக எண்ணக் கூடாது. திரும்பும் நாளும் அப்படித்தான்.

ஆக ஆறு நாள் பயணத்தில் முழு நாள் நான்கு. கோலாலம்பூரைச் சேர்த்தால் அதில் ஒன்று இடம் மாறுவதில் போய்விடும். மீதி மூன்றை இரண்டு ஊருக்கும் பங்கு போடவேண்டும்.

பிள்ளைகள் இருந்தால் சிங்கப்பூரே எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு நாள். மண்டாய் பக்கம் மிருகக்காட்சிசாலை, நைட் சஃபாரி, பறவைப் பூங்கா எல்லாம் அருகருகே இருந்தாலும் அங்கே ஒரு நாள் போதாது, இரண்டு வேண்டும் என்பவர்களும் உண்டு. மரீனா பே, கார்டன்ஸ் பை த பே, ஒரு மாலை லிட்டில் இந்தியா சேர்ந்து இன்னொரு நாள். யுனிவர்சல் இருக்கும் செந்தோசாத் தீவின் மற்ற பகுதிகள் தனி. (இடையில் ஒன்று: யாராவது தரும் பயணத் திட்டத்தில் ஜூரோங் பறவைப் பூங்கா இருந்தால் அது பழைய திட்டம். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மண்டாயில் பேர்ட் பாரடைஸ் என்ற பெயரில் திறந்தது. அப்படியொரு திட்டத்தைத் தருபவரிடம் மற்றதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

என் கணக்கு இது. முழு நாள் நான்கோ அதற்குக் குறைவோ என்றால் ஒரே ஊர். ஆறும் அதற்கு மேலும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஐந்து என்றால் கீழே உள்ள படிகள் தீர்மானிக்கட்டும். எப்படியானாலும் இரண்டாவது ஊரில் குறைந்தது இரண்டு இரவு, அவற்றுக்கு நடுவில் ஒரு முழு நாள் இல்லையென்றால் சேர்க்கவே வேண்டாம். ஓர் இரவு மட்டும் தங்குவது பெட்டியைத் திறந்து மூடுவதற்குத்தான் ஆகும்.

2. இடம் மாறும் நாளை மணிவாரியாக எழுதுங்கள்

இதை மனதில் ஓட்டிப் பார்த்தால் போதாது. காகிதத்தில் எழுதுங்கள். வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகத்தில் எழுதுங்கள்.

பகல் பன்னிரண்டரை மணிக்குச் சிங்கப்பூர்–கோலாலம்பூர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குச் சாப்பாடு முடியவேண்டும். எட்டே முக்காலுக்கு அறையைக் காலி செய்து வண்டி. ஒன்பதரைக்கு சாங்கி விமான நிலையம். பெட்டியைப் போட்டு, குடிநுழைவைத் தாண்டி, பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தால் ஏறும் நேரம் வந்துவிடும். ஒன்றரை மணி தாண்டி இறங்குவீர்கள். அங்கே குடிநுழைவு வரிசை எப்போது எவ்வளவு நீளும் என்று சொல்லமுடியாது. முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எடுத்து வெளியே வர மூன்று. அப்புறம்தான் பலரும் எதிர்பார்க்காத விஷயம்: கோலாலம்பூர் விமான நிலையம் கோலாலம்பூரில் இல்லை. நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சிப்பாங்கில் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரம். மாலை நெரிசலில் மாட்டினால் அதற்கும் மேல். அறைக்குள் நுழையும்போது நாலேகால்.

ஒரு மணி நேர விமானத்துக்கு எட்டு மணி நேரம். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

"பஸ்ஸில் போனால் இறங்கி ஏறும் தொல்லை இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். தொல்லை அங்கேதான் அதிகம். தூரம் 350 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். பஸ் நன்றாகவே இருக்கும், இருக்கைகள் நம் ஊர் ஸ்லீப்பர் பஸ்ஸைவிட அகலம். ஆனால் எல்லையில் இரண்டு முறை இறங்கவேண்டும். உட்லண்ட்ஸ் அல்லது துவாஸில் சிங்கப்பூரின் வெளியேறும் சோதனை. மறுபடி ஏறி பாலத்தைத் தாண்டியதும் மலேசியாவின் நுழைவுச் சோதனை. இந்த இரண்டாவது முறை பெட்டிகள் அத்தனையையும் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுத்து, இழுத்துக்கொண்டு போய், ஸ்கேனரில் போட்டு, மறுபக்கம் உங்கள் பஸ்ஸைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரே நிறத்தில் ஏழெட்டுப் பஸ் நிற்கும். இறங்கும்போதே பஸ்ஸின் நம்பர் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நீங்கள் தாமதமானால் பஸ் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். அதன் பின் அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் இடம் இருந்தால் உண்டு. ஆகவே பெட்டி, பாஸ்போர்ட், தண்ணீர், மாத்திரை எதையும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

வெள்ளி மாலை, சனி காலை, சிங்கப்பூரின் பள்ளி விடுமுறை தொடங்கும் நாட்களில் அந்தப் பாலம் வாகனங்களால் அடைத்துக்கொள்ளும். ஞாயிறு மாலை எதிர்த்திசையில் அதே கதை. செவ்வாய், புதன் என்றால் நிம்மதி.

ரயில்? சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி ரயில் 2015 முதல் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் மாறவேண்டும். ரயில் பிரியர்களுக்குச் சரி, பெட்டிகளோடு போகும் குடும்பத்துக்கு வேண்டாம்.

என் யோசனை: முட்டி வலியுள்ள பெரியவரோ, ஐந்து வயதுக்குள் குழந்தையோ இருந்தால் விமானம்தான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும் (டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது). எல்லைச் சாவடியில் பஸ் பயணிகளுக்கு அந்தச் சௌகரியத்தை எதிர்பார்க்கமுடியாது. எல்லோரும் வளர்ந்தவர்கள், ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் பஸ் லாபம்.

3. இரண்டாவது ஊரை யார் கேட்கிறார்கள், எதற்கு?

வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: அங்கே போய் என்ன பார்க்கணும்? "சும்மா, இன்னொரு நாடு" என்பது மட்டும்தான் பதில் என்றால் விட்டுவிடுங்கள். பத்துமலை முருகனுக்கு வேண்டுதல், கிள்ளானில் பெரியம்மா வீடு, பையனுக்குப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் ஏறவேண்டும் என்று குறிப்பாக ஏதாவது வந்தால் மேலே யோசிக்கலாம்.

உறவினர் வீடு என்றால் அது எந்த ஊர் என்று பாருங்கள். பினாங்கில் இருக்கும் மாமாவைப் பார்க்க கோலாலம்பூரில் அறை போட்டு அங்கிருந்து காரில் போவது வீண். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கே விமானம் இருக்கிறது.

பத்துமலைக்கு 272 படி. செங்குத்தானவை, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போகவேண்டும். முட்டி தெரியும் உடை போட்டிருந்தால் படியில் ஏற விடமாட்டார்கள், மேலே சுற்றிக்கொள்ள ஏதாவது கேட்பார்கள். குரங்குகள் கையிலுள்ள பையைக் குறிவைக்கும். ஏற முடியாதவர்கள் கீழேயே 140 அடி முருகன் சிலை முன் நின்று கும்பிட்டுவிட்டு, அடிவாரக் கோயில்களைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இரட்டைக் கோபுரம் திங்கட்கிழமை மூடியிருக்கும். உங்கள் ஒரே முழு நாள் திங்களாக அமைந்தால் பையன் கீழேயிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

4. விசாவும் அட்டைகளும்: பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள் என்பதால் அதுதான் முதலில் காலாவதியாகும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2023 டிசம்பரில் வந்தது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய தேதியில் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்பதற்காகக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கையில் பணம் இருப்பதற்கு ஆதாரம் மூன்றையும் கேட்கலாம். தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று நினைத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் சார்ஜ் தீரும்.

சிங்கப்பூருக்கு விசா உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கைக்குழந்தைக்கும் சேர்த்து, படிவம் 14ஏ. கூடவே சமீபத்தில் எடுத்த வெள்ளைப் பின்னணிப் படம், பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஹோட்டல் விவரம், முகப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. அதற்கு மேல் ஏஜெண்டின் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பதால் ரொம்ப முன்கூட்டியும் போடமுடியாது, கடைசி வாரம் வரை தள்ளவும் கூடாது. மூன்று, நான்கு வாரம் முன்பு என்பதுதான் சரியான நேரம்.

இப்போது இரண்டு ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம். விசா கைக்கு வந்ததும் எத்தனை முறை நுழையலாம் என்ற வரியைப் பாருங்கள். சென்னை–சிங்கப்பூர்–கோலாலம்பூர்–சென்னை என்று போனாலோ, அதைத் திருப்பிப் போட்டுப் போனாலோ சிங்கப்பூருக்குள் ஒரே நுழைவுதான், எந்த விசாவும் போதும். சிங்கப்பூர் போய், மலேசியா போய், மறுபடி சிங்கப்பூர் வந்து ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். எங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்த இடத்தில் "அதெல்லாம் தானா வந்துரும் சார்" என்றார்கள். ஒருவருக்கு மட்டும் ஒற்றை நுழைவாக வந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், கிளம்பும் வாரத்தில் மறுபடி நெஞ்சிடிப்பு. முகப்புக் கடிதத்திலேயே "இந்தத் தேதியில் மலேசியா சென்று இந்தத் தேதியில் மீண்டும் வருகிறோம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஏஜெண்ட் எழுதியதை ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

"சாங்கியில் விமானம் மட்டும்தானே மாறுகிறோம்" என்று சொல்லித் தப்பிக்க நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல். கோலாலம்பூர்–சிங்கப்பூர்–சென்னை முழுவதும் ஒரே டிக்கெட், பெட்டி நேராகச் சென்னைக்குப் போகிறது என்றால் குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். மலிவு விமானத்தில் தனித்தனி டிக்கெட் போட்டு, பெட்டியை வெளியே போய் எடுத்து மறுபடி போடவேண்டும் என்றால் அது சிங்கப்பூருக்குள் நுழைவதுதான். விசாவில் இடம் இருக்கவேண்டும்.

அடுத்து அட்டைகள். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை. இரண்டும் இணையத்தில் நிரப்புவது, இரண்டும் இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் போடவேண்டும், இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. தேடலில் முதலில் வருவதே சில சமயம் அப்படிப்பட்டதாக இருக்கும், பார்த்து நுழையுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தால் புதிதாக இன்னொன்று நிரப்பவேண்டும், முதலில் போட்டது செல்லாது. இந்த இரண்டாவது அட்டையை நிரப்பவேண்டிய நேரத்தில் நீங்கள் கோலாலம்பூர் ஹோட்டலில் இருப்பீர்கள். ஐந்து பேர் பாஸ்போர்ட் எண்ணையும் போனில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தால் அரை மணியில் முடியும்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

5. டிக்கெட்டை எப்படிப் போடுவது

முடிவு எடுக்கும் முன் சென்னை–சிங்கப்பூர்–சென்னை என்று போக வர டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள். பிறகு மலேசியாவைச் சேர்த்தால் திரும்பி வர மறுபடி சிங்கப்பூர் வந்தாகவேண்டும். போனதற்கு ஒரு நாள், வந்ததற்கு இன்னொரு நாள். மேலே சொன்ன விசாச் சிக்கலும் அதிலிருந்துதான் முளைக்கிறது.

ஓர் ஊரில் இறங்கி மற்ற ஊரிலிருந்து கிளம்பும்படி போடுங்கள். டிக்கெட் போடும் இணையதளங்களில் பல நகரம் (மல்டி சிட்டி) என்ற தேர்வில் அதைப் பார்க்கலாம். விலை பெரும்பாலும் பெரிதாக மாறாது. திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு ஊருக்குமே நேரடி விமானம் உண்டு, சென்னை வரை வரவே வேண்டாம்.

எதை முதலில் வைப்பது? கோலாலம்பூர் முதலில், சிங்கப்பூர் கடைசியில் என்பேன். பத்துமலைப் படியை முட்டி களைக்கும் முன் ஏறிவிடலாம். பிள்ளைகளுக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்த்த பிறகு மற்றதெல்லாம் சப்பென்று தெரியும். லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் வாங்கும் பொருட்களை நாடு நாடாகச் சுமக்கவேண்டியதில்லை, நேராக வீட்டுக்கு எடுத்து வரலாம்.

பெட்டி எடையைத் தனியாகப் பாருங்கள். சென்னையிலிருந்து போகும் பெரிய விமானத்தில் ஆளுக்கு 25, 30 கிலோ இருக்கும். நடுவில் வரும் ஒரு மணி நேர மலிவு விமானத்தில் அடிப்படை டிக்கெட்டுக்குக் கைப்பை ஏழு கிலோ, அவ்வளவுதான். பெட்டிக்கான பணத்தை டிக்கெட்டோடு சேர்த்தே கட்டுங்கள். கவுன்டரில் போய்க் கட்டினால் டிக்கெட் விலையைவிட அது அதிகமாக நிற்கும்.

6. செலவு: எங்கே ஏறும், எங்கே இறங்கும்

ஆச்சரியமாக, நான்கைந்து பேர் குடும்பத்துக்கு மொத்தச் செலவு சில சமயம் ஏறவே ஏறாது. காரணம் ஹோட்டல். சிங்கப்பூரில் அறைக்கு இத்தனை பேர்தான் என்பதில் கறாராக இருப்பார்கள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், பாட்டி என்றால் இரண்டு அறை ஆகிவிடும். வீடு எடுத்துத் தங்கலாம் என்றால் அங்கே தனியார் குடியிருப்புகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். சில நாளுக்குக் கிடைக்கிறது என்று இணையத்தில் யாராவது போட்டிருந்தால் அது சட்டவிரோதம், மாட்டிக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரில் சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு, சிங்கப்பூரின் ஓர் அறை விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். அங்கே கழிக்கும் ஒவ்வோர் இரவும் அந்த அளவில் மிச்சம்.

ஏறும் பக்கம்: ஊர் மாறும் டிக்கெட், பெட்டிக் கட்டணம், இரண்டு பக்கமும் விமான நிலைய வண்டி, வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி (இது முன்பதிவு விலையில் சேராமல் ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள்), வீடு எடுத்தால் முன்பணம். ரிங்கிட் இருபது ரூபாய்க்குச் சற்று மேல், சிங்கப்பூர் டாலர் எழுபது பக்கம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வேக ரயில் அரை மணியில் கொண்டுபோய் விடும், ஆனால் பெரியவருக்கு 55 ரிங்கிட். இரண்டு பெரியவருக்கே 110. பிள்ளைகளுக்கு டிக்கெட்டும், இறங்கிய இடத்திலிருந்து ஹோட்டலுக்கு வண்டியும் தனி. நான்கு பேருக்கு கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) அதைவிடக் குறைவாக முடியும். தனியாகப் போகிறவருக்குத்தான் அந்த ரயில்.

கிராப் செயலி இரண்டு நாட்டிலும் ஒன்றே. சிங்கப்பூரில் ஒரு விஷயம்: 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம், சாதாரண காரில் ஏற்ற மறுப்பார்கள். டாக்சிக்கு விலக்கு உண்டு. பிள்ளைகளோடு இருந்தால் டாக்சியாகப் பார்த்து அழையுங்கள்.

ஜிஎஸ்டி திரும்பப் பெறுவது: சிங்கப்பூரில் 9 சதவீதம். இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட் காட்டிப் பதிந்தால், சாங்கியில் இருக்கும் இயந்திரத்தில் திரும்பக் கேட்கலாம். பொருள் பெரிய பெட்டியில் இருந்தால் பெட்டியைப் போடும் முன்பே இதைச் செய்யவேண்டும். ஆனால் தரைவழியாக, பஸ்ஸில் ஏறி மலேசியா போய்விட்டால் ஒரு காசு கிடைக்காது. நகை, போன் என்று வாங்கும் எண்ணம் இருந்தால் பஸ் மிச்சப்படுத்தும் பணம் இங்கே போய்விடும்.

சின்னச் சின்னது: இரண்டு நாட்டிலும் ஒரே மூன்று முனைப் பிளக், ஒரே நேரம். அதில் கவலை வேண்டாம். சிம் மட்டும் இரண்டு நாட்டுக்கும் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டிலும் இரண்டு நாட்டின் பெயரும் இருக்கட்டும்.

7. தேதி

நமக்கு மே விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை. ஆகவே மே முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொண்டால் எல்லை, பூங்கா, ஹோட்டல் எல்லாம் சுமாரான கூட்டத்தில் இருக்கும். சீனப் புத்தாண்டில் இரண்டு ஊரிலும் பல கடைகள் மூடியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலை பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் நுழையவேண்டாம். காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் சிங்கப்பூரின் இரவு நேரக் கார் பந்தயம் எந்த வாரம் என்று பாருங்கள். அந்த வார இறுதியில் மரீனா பே பக்கம் சாலைகளை அடைத்திருப்பார்கள், அறை விலை கேட்டால் தலை சுற்றும்.

8. ஏஜெண்டின் தொகுப்பில் போவதாக இருந்தால்

தொகுப்புப் பயணங்களில் "சிங்கப்பூர் + மலேசியா" என்பதுதான் அதிகம் விற்கும் சரக்கு. விளம்பரத்தில் இடங்களின் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஊர் மாறுவது விமானத்திலா, பஸ்ஸிலா? கோலாலம்பூரில் நகர உலா எப்போது? (பஸ்ஸில் வந்திறங்கிய அதே மாலையில் என்றால் யாரும் கண் திறந்து பார்க்கமாட்டார்கள்.) கெந்திங் மலை, பத்துமலை, புத்ராஜெயா மூன்றையும் ஒரே நாளில் போட்டிருக்கிறார்களா? கெந்திங், கோலாலம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வடக்கே, மலை மேல். புத்ராஜெயா தெற்கே. ஒரே நாளில் மூன்றும் என்றால் அன்று நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான்.

தொகுப்பின் விலையோடு டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லை வாங்கி வையுங்கள். யார் பான் எண்ணைக் கொடுப்பது என்பதையும் யோசித்துக் கொடுங்கள். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத பாட்டியின் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பணத்தை மீட்க அவருக்காகவே ஒரு கணக்குத் தாக்கல் செய்யவேண்டிவரும்.

9. எப்போது எதைச் செய்வது

மூன்று மாதம் முன்பு: பாஸ்போர்ட் தேதிகள், முழு நாள் கணக்கு, ஓர் ஊரா இரண்டு ஊரா என்ற முடிவு. அதன் பிறகே விமான டிக்கெட். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவையும் அப்போதே போடலாம்.

நான்கு வாரம் முன்பு: சிங்கப்பூர் விசா. வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், நுழைவு எண்ணிக்கை மூன்றையும் ஒவ்வொருவருக்கும் சரிபாருங்கள்.

இரண்டு வாரம் முன்பு: இரட்டைக் கோபுரம், யுனிவர்சல் போன்றவற்றின் டிக்கெட், காப்பீடு.

கடைசி மூன்று நாள்: முதலில் இறங்கும் நாட்டின் அட்டை. இரண்டாவது நாட்டின் அட்டைக்குப் போனில் அலாரம்.

10. வேண்டாம் என்று முடிவானால்

வீட்டில் முகம் சுருங்கும். அதற்கு "அப்ப ஒரு நாள் ஜொகூர் பாருவாவது போய்ட்டு வருவோம், லெகோலாந்து இருக்கு" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். தூரம் குறைவுதான். உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஷட்டில் ரயிலில் ஐந்து நிமிடம், சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து டிக்கெட் 5 டாலர். ஆனால் காகித வேலை அப்படியே கோலாலம்பூர் போவதற்கு ஆகும் அத்தனையும்: பலமுறை நுழையும் விசா, எம்டிஏசி, திரும்ப இன்னொரு எஸ்ஜி அரைவல் கார்டு, எல்லையில் போகும்போதும் வரும்போதும் வரிசை. அந்த ரயில் டிக்கெட்டும் வார இறுதிகளில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். வாரநாளில், லெகோ என்றால் உயிரைவிடும் பிள்ளை இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த நாளைச் செந்தோசா கடற்கரைக்குக் கொடுங்கள். அங்கே மணலில் விளையாடக் கட்டணம் இல்லை, பெரியவர்கள் உட்கார நிழலும் உண்டு.